பாஸ்காவுக்கு ஒரு மொறுமொறு இனிப்பு: சாக்லேட் டாஃபி மட்ஸா

யூதர்களின் பாஸ்கா பண்டிகையில் கேக், பிஸ்கெட் எதுவும் வழக்கம்போல் செய்ய முடியாது. கோதுமை, பார்லி, ஓட்ஸ் போன்ற தானியங்களில் புளித்து எழும்பிய எதையும் அந்த நாட்களில் சாப்பிட மாட்டார்கள், வீட்டில் வைத்திருக்கவும் மாட்டார்கள். மிஞ்சுவது மட்ஸா. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் சுட்டு எடுத்துவிடும் புளிப்பில்லாத அப்பம் அது. வெறுமனே தின்றால் சப்பென்று இருக்கும், இஸ்ரேலில் 7 நாள், வெளிநாடுகளில் பெரும்பாலும் 8 நாள் இதேதான் என்றால் நாக்கு வேறு ஏதாவது கேட்கத்தானே செய்யும்! உப்பு பிஸ்கெட்டை வைத்துச் செய்துவந்த டாஃபியை மட்ஸாவுக்கு மாற்றி, மாண்ட்ரியலைச் சேர்ந்த பேக்கர் மார்சி கோல்ட்மன் பிரபலமாக்கிய இனிப்பு இது. முதல்முறை செய்பவர்களுக்கும் சுலபமாக வரும்.

தேவையானவை: மட்ஸா 4 முதல் 6 தகடு, வெண்ணெய் 225 கிராம், பிரவுன் சுகர் 200 கிராம், டார்க் சாக்லேட் 175 கிராம் (பொடியாக நறுக்கியது), வறுத்து நறுக்கிய பாதாம் ஒரு கைப்பிடி, கொஞ்சம் கல் உப்பு.

வாங்கும்போதே பாக்கெட்டைப் படித்துவிடுங்கள். பாஸ்காவுக்கு ஆகாத மட்ஸாவும் கடையில் விற்கிறது, 'பாஸ்காவுக்கான கோஷர்' (யூத உணவு விதிப்படி பாஸ்காவில் சாப்பிடத் தகுந்தது) என்று போட்டிருப்பதைத்தான் எடுக்க வேண்டும், சாக்லேட்டுக்கும் அதே விதி. விருந்தில் இறைச்சி இருந்தால் அதன்பின் பால் சேர்ந்த இனிப்பு கூடாது, அப்போது வெண்ணெய்க்குப் பதில் பால் கலக்காத மார்கரினும் பால் சேராத சாக்லேட்டும் போடுங்கள். வேர்க்கடலை வேண்டாம், மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாஸி யூதர்கள் பலர் பாஸ்காவில் அதைத் தொடுவதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். ஓவனை 175 டிகிரி செல்சியஸில் சூடாக்குங்கள். விளிம்பு உயர்ந்த தட்டில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் பேக்கிங் தாளும் போடுங்கள். இதைத் தவிர்த்தால் டாஃபி தட்டோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுரண்டிச் சுரண்டிக் கை நொந்துவிடும். மட்ஸாவை ஒரே அடுக்காகப் பரப்பி, இடைவெளிகளை உடைத்த துண்டுகளால் அடையுங்கள்.

அடி கனமான பாத்திரத்தில் வெண்ணெயையும் சர்க்கரையையும் மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். கொதி வந்தபின் 3 நிமிடம், கை ஓயாமல். வெண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றால் தீயைக் குறைத்து வேகமாக அடித்துக் கலக்குங்கள், சேர்ந்துவிடும். பாகுப் பதம் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், மீதி வேலையை ஓவன் பார்த்துக்கொள்ளும். ஆனால் இந்தப் பாகு கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது, விரலை விட்டு ருசி பார்க்காதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மட்ஸாவின் மேல் உடனே ஊற்றிப் பரப்பி, 12 முதல் 15 நிமிடம் ஓவனில் வையுங்கள். மேலே நுரைத்துக் குமிழ் விடும், அது சரிதான். எட்டாவது நிமிடத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள், ஓரம் கருக ஆரம்பித்தால் 160 டிகிரிக்கு இறக்கிவிடுங்கள். கருகிய டாஃபி கசக்கும், எவ்வளவு சாக்லேட் போட்டாலும் அந்தக் கசப்பு மறையாது.

வெளியே எடுத்ததும் சூட்டோடு சாக்லேட்டைத் தூவி 5 நிமிடம் சும்மா விடுங்கள். தானாக இளகியதும் கரண்டியின் பின்புறத்தால் தடவி, பாதாமும் உப்பும் தூவுங்கள். உப்பு விருப்பம்தான் என்று பலர் எழுதுவார்கள், என்னைக் கேட்டால் அது இல்லாமல் வெறும் தித்திப்புதான் மிஞ்சும்.

ஆறியபின் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கையாலேயே கோணல்மாணலாக உடையுங்கள். காற்றுப் புகாத டப்பாவில், அடுக்குகளுக்கு நடுவே தாள் வைத்து மூடினால் ஒரு வாரம் மொறுமொறுப்பாக இருக்கும். யூத நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், கோஷர் அல்லாத சமையலறையில் செய்ததைச் சிலர் சாப்பிட மாட்டார்கள். அப்படியென்றால் கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பாக்கெட்டே நல்லது.