ஆன் ஆவது வேறு, ஓடுவது வேறு: வெளிநாட்டு டிவி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு பெரியவர் மாம்பழ சீசன் நேரத்தில் என் கடைக்கு வந்தார். அமெரிக்காவில் இருந்த மகள் குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, வீட்டுச் சாமான்களோடு 55 அங்குல டிவியையும் கப்பலில் போட்டு அனுப்பியிருந்தாள். டிவி ஆன் ஆகிறது, யூடியூப் கண்ணாடி மாதிரி தெரிகிறது. கேபிள் பாக்ஸைச் செருகினால் மட்டும் திரை கறுத்துவிடுகிறது. கேபிள்காரர் இரண்டு முறை பாக்ஸை மாற்றிக் கொடுத்துவிட்டார், ஒயரையும் மாற்றிவிட்டார். "டிவியில ஒரு குறையும் இல்லீங்க, கேபிள்காரங்கதான் ஏதோ ஏமாத்தறாங்க" என்றார் பெரியவர்.

கேபிள்காரர் மேல் தப்பே இல்லை. அந்த டிவி அமெரிக்காவுக்கென்று செய்தது. நம் ஊர் பாக்ஸ் அனுப்பும் படத்தை வாங்கிக்கொள்ள அதற்குத் தெரியாது.

கிருஷ்ணகிரியில் டிவி பழுது பார்க்கிறவன் நான். துபாய், சவுதி, சிங்கப்பூர், அமெரிக்கா என்று பல ஊர் டிவிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் ஆசையாக வாங்கி அனுப்பியது என்பதால் எவருக்கும் அதைத் தூக்கிப்போட மனம் வராது. அதனால்தான் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

முதல் தவறு, பின்பக்க ஸ்டிக்கரைப் படிக்காமல் பிளக்கைச் செருகுவது. நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, இங்கிலாந்து எல்லாம் ஏறத்தாழ இதே வோல்ட்தான். சவுதியில் மட்டும் 60 ஹெர்ட்ஸ். பழைய வீடுகளில் 127 வோல்ட்டும் இருந்தது. அமெரிக்கா, கனடாவில் 120 வோல்ட், ஜப்பானில் 100 வோல்ட். ஸ்டிக்கரில் "100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்" என்று இருந்தால் கரண்டைப் பொறுத்தவரை கவலை விட்டது. "110-120 வோல்ட்" என்று மட்டும் இருந்தால் கையைப் பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

அவ்வளவு கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 120 வோல்ட் கரண்டின் உச்சம் 170 வோல்ட் அளவில் நிற்கும். நம் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். 120-க்கென்று கட்டிய பவர் போர்டில் இந்த 325 ஏறினால், உள்ளே நுழைகிற இடத்தில் இருக்கும் பாதுகாப்புப் பாகம் வெடித்து ஃபியூஸ் போகும். சில சமயம் கெப்பாசிட்டரும் சேர்ந்து போகும். "டப்"பென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அத்தோடு முடிந்தது. அதிர்ஷ்டம் இருந்தால் பவர் போர்டோடு நின்றுவிடும். இல்லையென்றால் மெயின் போர்டையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த மாடலுக்கான போர்டு இங்கே கடைகளில் கிடைக்காது.

ஸ்டிக்கரைப் பார்க்காமல், "அதே கம்பெனி, அதே மாடல்தான் நம்ம ஊரிலும் விற்கிறாங்க" என்று நம்புகிறவர்கள் அதிகம். பெட்டியின் முகம் ஒன்றுதான், உள்ளே இருக்கும் போர்டு நாட்டுக்கு நாடு மாறும். சாம்சங் டிவிகளில் மாடல் எண்ணின் முதல் எழுத்துகளே இதைச் சொல்லிவிடும்: வட அமெரிக்காவுக்கு 'யுஎன்', ஐரோப்பாவுக்கு 'யுஇ', ஆசியாவுக்கும் வளைகுடாவுக்கும் 'யுஏ'. அதனால் அங்கே இருக்கிறவரிடம் டிவியின் படத்தைக் கேட்காதீர்கள். பின்பக்க ஸ்டிக்கரைத் தெளிவாகப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கடையில் நிற்கும்போதே அனுப்பினால் இன்னும் நல்லது.

120 வோல்ட் டிவி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதென்றால் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாம். இங்கேயும் ஒரு தவறு நடக்கிறது. பயணத்துக்கென்று கையடக்கமாக, எடையே இல்லாமல் ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்கள். மேலே 1600 வாட் என்றெல்லாம் எழுதியிருக்கும். அது இஸ்திரிப் பெட்டி, ஹேர் டிரையர் மாதிரி சூடாகிற சாமான்களுக்கு மட்டும்தான். கரண்டின் அலையை வெட்டிக் கொடுக்கிற சங்கதி அது, டிவிக்கு ஆகவே ஆகாது. செம்புச் சுற்று போட்ட, கையில் தூக்கினால் கனக்கிற டிரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். ஸ்டிக்கரில் டிவி 150 வாட் என்று இருந்தால் 300 விஏ-க்குக் (டிரான்ஸ்ஃபார்மரின் திறனைச் சொல்லும் அளவு) குறையாமல் வாங்குங்கள். கோடையில் நாள் முழுக்க ஓடினாலும் அதிகமாகச் சூடேறாது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. இன்றைய டிவிகளின் பவர் போர்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. 50, 60 என்ற கணக்கு பொருட்டாவது பாக்ஸிலிருந்து வரும் படத்தில்தான்.

அந்தப் படச் சங்கதிதான் காவேரிப்பட்டணத்துப் பெரியவரைச் சுற்றவிட்டது. இங்கே சரியாகச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) என்று கலர் படத்தை அனுப்ப முக்கியமாக இரண்டு முறைகள் இருந்தன. நம் ஊர் பால், அமெரிக்கா என்டிஎஸ்சி. இன்றும் பலர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆன்டெனாவில் வரும் ஒளிபரப்பும் நாட்டுக்கு நாடு வேறுதான்: அமெரிக்காவில் ஏடிஎஸ்சி, ஜப்பானில் ஐஎஸ்டிபி, தூர்தர்ஷன் தரைவழியில் அனுப்பும் டிஜிட்டல் டிவிபி-டி2. ஆனால் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் எத்தனை வீட்டு மாடியில் இப்போது ஆன்டெனா நிற்கிறது? அரசு கேபிளோ, தனியார் கேபிளோ, டிஷ்ஷோ, எதுவானாலும் பாக்ஸ் வழியாகத்தான் படம் வருகிறது. சேனலைப் பிடிக்கிற வேலையைப் பாக்ஸ் செய்துவிடுகிறது, டிவி வெறும் திரைதான். அதனால் டிவிக்குள் இருக்கும் டியூனர் எந்த ஊருடையது என்று பெரும்பாலோர் கவலைப்பட வேண்டியதே இல்லை.

கவலைப்பட வேண்டியது, பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக வரும் படத்தின் வேகத்தைப் பற்றி. நம் செட்டாப் பாக்ஸ்கள் நொடிக்கு 50 என்ற கணக்கில் படத்தை அனுப்புகின்றன. அமெரிக்காவில் எல்லாம் 60 கணக்கு. அங்கே விற்கும் டிவிகளில் சில 50-ஐயும் வாங்கிக்கொள்ளும், சில 60-ஐ மட்டும்தான் ஏற்கும். 60 மட்டும் ஏற்கிற டிவியில் பாக்ஸைச் செருகினால் 'இந்த முறை ஏற்கப்படாது' என்கிற மாதிரி ஒரு வரி வரும், இல்லையென்றால் சிக்னலே இல்லை என்று சொல்லும். யூடியூப் டிவிக்குள்ளிருந்தே வருவதால் அது மட்டும் நன்றாக ஓடும். பாக்ஸின் செட்டிங்கில் 1080-ஐ 720 ஆக்கிப் பார்ப்பார்கள். அது படத்தின் அளவை மாற்றுமே தவிர, 50 பெரும்பாலும் 50-ஆகவே இருக்கும்.

இதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. முழு மாடல் எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டால் கையேடு கிடைக்கும். கடைசிப் பக்கங்களில் எச்டிஎம்ஐ ஏற்கும் படமுறைகளுக்கு ஓர் அட்டவணை இருக்கும். 1080, 2160 வரிசைகளில் 60-க்குப் பக்கத்தில் 50-உம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நம் ஊர் பாக்ஸோடு ஒத்துப்போகும். இல்லையென்றால், கேபிள் பார்க்கிற வீட்டுக்கு அந்த டிவி வேண்டாம்.

மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் மட்டும் உள்ள பழைய பாக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த வழியில் வரும் படம் பால் முறை. என்டிஎஸ்சி மட்டும் தெரிந்த டிவியில் அது கறுப்பு வெள்ளையாகவோ, உருண்டுகொண்டோ வரும். புது டிவிகள் பலவற்றில் அந்த ஓட்டைகளே கிடையாது. பாக்ஸை எச்டிஎம்ஐ உள்ளதாக மாற்றிக்கொள்வதே மேல்.

வளைகுடாவிலிருந்து வரும் டிவிகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அங்கே எல்லா நாட்டுக்காரர்களும் இருப்பதால் பல முறைகளையும் ஏற்கிற மாதிரிதான் விற்கிறார்கள். பலவற்றில் டிஷ் டியூனரே உள்ளே இருக்கும். துபாய் டிவியா, அமெரிக்கா டிவியா என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு துபாய் என்பேன்.

அங்கிருந்து வருவதில் தகராறு பிளக்தான். மூன்று தட்டைக் கம்பி உள்ள சதுரப் பிளக் நம் உருண்டைத் துளையில் நுழையாது. துளையில் குச்சியைச் சொருகித் திணிப்பதையும், பிளக்கை வெட்டிவிட்டு வெறும் ஒயரைச் செருகுவதையும் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. குழந்தைகள் நடமாடும் வீடுகளில் செய்கிற வேலையா இது? பல டிவிகளில் பவர் ஒயர் கழற்றி மாட்டுகிற வகை. அதே வடிவத்தில் ஐஎஸ்ஐ முத்திரையோடு நம் ஊர் பிளக் உள்ள ஒயர் எலக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும், விலையும் சொற்பம். மூன்று கம்பி ஒயராக இருந்தால் மாற்று ஒயரும் மூன்று கம்பியாகவே இருக்கட்டும், எர்த்தை விட்டுவிடாதீர்கள்.

தோட்டத்து வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 100-240 என்று இருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை என்று சொல்வார்கள். லோ வோல்டேஜுக்கு அது சரி. ஆனால் நியூட்ரல் அறுந்தால் லைனில் 400 வோல்ட் வரைக்கும் ஏறும். அதை எந்த டிவியும் தாங்காது. போர் மோட்டார் ஓடுகிற லைனில் இருக்கிறவர்கள் ஹை வோல்டேஜ் வந்தால் துண்டித்துவிடும் ஸ்டெபிலைசர் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்மார்ட் டிவியின் ஆப் விஷயத்தில் மனம் தளர வேண்டாம். அமெரிக்க டிவியின் ஆப் கடையில் தமிழ் ஆப்கள் சில காட்டாமல் போகலாம். எச்டிஎம்ஐயில் செருகினால் யூடியூப் மாதிரி ஆப்களை ஓட்டித் தரும் ஒரு ஸ்டிக் வாங்கினால் தீர்ந்தது. வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் ரூட்டரின் சேனலைப் பாருங்கள்: அமெரிக்கச் சாமான்கள் 1 முதல் 11 வரைதான் தேடும், ரூட்டர் 12-லோ 13-லோ நின்றால் கண்ணில் படாது. 6-க்கு மாற்றினால் உடனே தெரியும்.

அப்புறம், கணக்குப் போடாமல் தூக்கி வருவது. 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டை டிவிக்கு வரியில்லாச் சலுகை கிடையாது, சிறியதானாலும் சுங்கவரி உண்டு. விதிகள் அவ்வப்போது மாறும் என்பதால் டிக்கெட் போடும்போதே சுங்கத்துறை தளத்தில் அன்றைய விகிதத்தைப் பாருங்கள். பல விமானங்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 43 அங்குலத் திரை மட்டுமே 95-க்கு 54. அட்டைப்பெட்டியும் சேர்ந்தால் தாண்டிவிடும், தனிக் கட்டணம் கேட்பார்கள். வாரண்டியும் பெரும்பாலும் வாங்கின நாட்டோடு சரி. இத்தனையும் கூட்டினால், புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ வாங்குவதுதான் லாபம் என்பது என் தீர்மானமான எண்ணம்.

பெங்களூரு ஏர்போர்ட்டிலிருந்து காரில் கொண்டுவரும்போது டிவியைப் படுக்க வைக்காதீர்கள். பின் சீட்டில் படுக்கப்போட்டு, மேலே பையை வைத்து, ஓசூர் வழியாக வேகத்தடை எல்லாம் ஏறி இறங்கி வந்தால் கண்ணாடி ஓரத்தில் விரிசல் விழும். பேனல் போனால் டிவியே போனது மாதிரிதான், அதன் விலை புது டிவி விலைக்குப் பக்கத்தில் வரும். நிற்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துக் கொண்டுவாருங்கள்.

பெரியவரின் டிவி ஸ்டிக்கரில் நல்லவேளையாக 100-240 இருந்தது. கையேட்டின் அட்டவணையில் 50 இல்லை. ஒரு ஸ்டிக் வாங்கி மாட்டிக் கொடுத்தேன். அதிலிருந்து 60 கணக்கில் படம் வருவதால் டிவி மறுப்பேதும் சொல்லவில்லை. அவர் பார்க்கிற செய்திச் சேனல்கள் இரண்டும் யூடியூபில் நேரலையாகவே வருகின்றன. கேபிள் பாக்ஸ் உள்ளறையில் இருந்த பழைய டிவிக்குப் போய்விட்டது. சீரியல் பார்க்க அந்த அறையே வசதி என்று அவர் வீட்டம்மா சொன்னாராம்.