இம்மெல்மான் கணக்கில் எத்தனை? ஐன்டெக்கர் விமானியின் போர்ப்பதிவைத் தொகுக்கும் முறை

முதல் உலகப் போரில் ஐன்டெக்கர் எனப்பட்ட ஒற்றை அடுக்கு இறக்கை ஃபோக்கர் போர்விமானத்தை ஓட்டிய ஜெர்மானியர் மாக்ஸ் இம்மெல்மான். அவர் வீழ்த்திய விமானங்கள் 15 என்று சில இடங்களில் இருக்கும், 17 என்று சில இடங்களில் இருக்கும். எது சரி என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்கு முன் ஓர் அட்டவணை போடுங்கள். அவருடைய வான்சண்டைகள் 1915 ஆகஸ்ட் முதல் 1916 ஜூன் வரைதான். அதனால் கைபழக ஏற்ற ஆள்.

ஏழு கட்டங்கள் வேண்டும்: தேதி, நேரம், இடம், அவர் ஓட்டிய விமானம், எதிரியின் விமான வகையும் படைப்பிரிவும், அதில் இருந்தவர்களின் கதி, கணக்கில் ஏறியதா இல்லையா. முதல் வரிசை 1915 ஆகஸ்ட் 1. வட பிரான்சில் ஜெர்மானியர் வசமிருந்த துவே விமானதளத்தின் மீது குண்டுபோட வந்த பிரிட்டிஷ் விமானங்களில் ஒன்றை இறக்கினார். ஓட்டிவந்த வில்லியம் ரீட் கையில் குண்டடிபட்டுச் சிறைப்பட்டார். குண்டின் எடைக்காகத் துப்பாக்கி வீரரை ஏற்றாமல் வந்திருந்தார் என்பதையும் அதே வரிசையில் குறித்துவிடுங்கள். சண்டையின் தன்மை அப்போதுதான் புரியும். 1915 ஜூன் 3 சம்பவம் இந்த அட்டவணையில் வராது. அன்று சுடப்பட்டது அவருடைய விமானம்; அதைப் பத்திரமாகத் தரையிறக்கியதற்குத்தான் இரும்புச் சிலுவை என்ற ஜெர்மன் படைவிருது.

கடைசிக் கட்டத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஜெர்மானியர்கள் சாட்சி கேட்டார்கள். எதிரி விமானம் அவர்கள் பக்கம் விழுந்தால் உறுதிசெய்வது சுலபம். இன்னொரு ஜெர்மன் விமானி கூர்ட் வின்ட்கென்ஸ் 1915 ஜூலை 1 அன்று வீழ்த்தியது பிரெஞ்சுப் படையின் பக்கம் போய் விழுந்ததால் கணக்கில் ஏறவில்லை. ஜூலை 15 அன்று வீழ்த்தியதுதான் ஏறியது. பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கணக்கில் ஒரே விமானத்தை இரண்டு மூன்று பேர் பங்குபோடலாம். ஜெர்மன் முறையில் ஒரு விமானம் ஒருவருக்குத்தான்.

நேரத்தை அப்படியே எழுதிவிடாதீர்கள். ஜெர்மன் கடிகாரம் நேச நாடுகளின் (பிரிட்டன், பிரான்ஸ் தரப்பின்) கடிகாரத்தைவிட வழக்கமாக ஒரு மணி முன்னால் ஓடும். 1916 ஏப்ரல் 30 அன்று ஜெர்மனி கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளும் கோடைநேரத்துக்கு மாறியது, பிரான்ஸ் ஜூன் 14 அன்றுதான் மாறியது. இடைப்பட்ட ஆறு வாரமும் இரண்டு மணி வித்தியாசம். இதைக் கழிக்காமல் எதிர்த்தரப்பு அறிக்கையோடு ஒப்பிட்டால், ஒரே சண்டை இரண்டாகத் தெரியும்.

பிரிட்டிஷ் சண்டை அறிக்கைகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில், ஏர் 1 தொகுப்பில் இருக்கின்றன. ஜெர்மன் பேரரசின் பெரிய மாநிலமான பிரஷ்யாவின் படை ஆவணங்களில் பெரும்பகுதி 1945 போட்ஸ்டாம் குண்டுவீச்சில் எரிந்துபோனது. ஜெர்மன் பக்கம் ஓட்டை விழும் இடங்களை எதிராளியின் இழப்புப் பட்டியலை வைத்துத்தான் அடைக்க முடியும்.

இப்போது 1916 ஜூன் 18, அவர் இறந்த நாள். வட பிரான்சின் சலோமின் அருகே பிரிட்டனின் 25ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த எஃப்.இ.2பி வகை விமானங்களோடு சண்டை. சாவேஜ் என்பவரின் விமானத்தைச் சுட்டார். அது சக ஜெர்மன் விமானி மாக்ஸ் மூல்ட்சரின் கணக்கில் போய்ச் சேர்ந்தது. எண்ணிக்கை குழம்ப இப்படி ஒரு வரிசையே போதும். அடுத்ததைத் துரத்தும்போது இம்மெல்மானின் ஃபோக்கர் ஈ.3 (ஐன்டெக்கர் வகைகளில் ஒன்று) வானிலேயே உடைந்தது. மக்கபின் ஓட்டிய விமானத்திலிருந்து வாலர் சுட்டதே காரணம் என்றது பிரிட்டன். சுழலும் புரொப்பெல்லர் இதழ்களில் படாமல் குண்டுகளை இடைவெளியில் செலுத்தும் ஒத்திசைவுக் கருவி பிசகி, தன் புரொப்பெல்லரையே சுட்டுக்கொண்டார் என்றது ஜெர்மன் தரப்பு. விமானம் செய்த ஃபோக்கரோ தரையிலிருந்து சுட்ட பீரங்கிமேல் பழியைப் போட்டார். அவர் வேறென்ன சொல்வார்?

தொழில்நுட்பப்படி ஒத்திசைவுப் பிசகு நம்பக்கூடியதே. இரண்டு இதழ்களுள்ள மரப் புரொப்பெல்லரில் ஒன்று அறுந்தால் எடைச் சமநிலை போய்விடும். சிலிண்டர்களோடு சேர்ந்தே சுழலும் ரோட்டரி எஞ்சின் குலுங்கிக் கட்டுமானத்தையே பிய்த்துவிடும். மே 31 அன்றும் அவர் துப்பாக்கி இதே மாதிரி அவருடைய புரொப்பெல்லரைத் துளைத்திருந்தது. அன்று எஞ்சினை நிறுத்தி இறங்கிவிட்டார். ஆனாலும் அட்டவணையில் மூன்று விளக்கங்களையும், யார் சொன்னது என்ற குறிப்போடு, தனித்தனியாக எழுதுங்கள்.