ரிசீவரின் பெயரை மட்டும் பார்த்து அஃபென்ஸை எடை போடாதீர்கள்

மார்ச்சில் ஃப்ரீ ஏஜென்சி (ஒப்பந்தம் முடிந்த வீரர்கள் அணி மாறுவது), ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட் (கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுப்பது). அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். பார்ப்பவர்கள் எல்லோரும் கணக்குப் போடும் காலம் இது. பெரிய பெயர் ஒன்று வந்தால் அஃபென்ஸ் (பந்தை வைத்துப் புள்ளி எடுக்க ஆடும் பக்கம்) பிய்த்து உதறும் என்கிறோம், போனால் கதை முடிந்தது என்கிறோம். 2022 மார்ச்சில் இந்த இரண்டு கணக்குமே தப்பாகப் போயின.

அந்த மாதம் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ், வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரான டைரீக் ஹில்லை மயாமிக்குக் கொடுத்துவிட்டது. முந்தைய சீசனில் அவர் பந்தைப் பிடித்து எடுத்தது 1,239 யார்டு. அதை அப்படியே அணியின் மொத்தத்திலிருந்து கழித்துப் பார்த்தவர்கள் பலர். ஆனால் அவர் போனதால் குவார்ட்டர்பேக் (பந்து வீசுபவர்) மஹோம்ஸ் பந்து வீசுவதை நிறுத்தப்போவதில்லை. அந்த வீச்சுகள் டிராவிஸ் கெல்சிக்கும் புதிதாக வந்தவர்களுக்கும் பிரிந்து போகும். 2022-இல் சீஃப்ஸ் எடுத்த 496 புள்ளிகள்தான் லீகிலேயே அதிகம். லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் அவர்களுக்கே. அதற்காக ரிசீவர் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்றும் சொல்லிவிட முடியாது. அடுத்த வருடம் கைக்கு வந்த பந்துகளையே நழுவவிட்டார்கள், புள்ளிகள் 371-க்கு இறங்கின. ஒரு இழப்பின் வலி சில நேரம் ஒரு சீசன் கழித்துத்தான் தெரியும்.

அதே மார்ச்சில் டென்வர் பிராங்கோஸ், ரஸ்ஸல் வில்சனை வாங்கியது. குவார்ட்டர்பேக் பிரச்சினை தீர்ந்தது என்று கொண்டாடினார்கள். கிடைத்தது 287 புள்ளிகள், லீகிலேயே கடைசி இடம். வில்சன் 55 முறை சாக் ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார். ஆட்டத்தைத் திட்டமிட வந்த ஹாக்கெட்டுக்குத் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு அதுவே முதல் முறை. சீசன் முடியும் முன்பே அவரை நீக்கிவிட்டார்கள். மறு வருடம் பயிற்சியாளராக ஷான் பேட்டன் வந்ததும் அதே வில்சன் 26 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்ப்பது) வீசினார், இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்துக்கொண்ட வீச்சு) 8 மட்டுமே. வீரரைப் பார்க்கும்போது பிளே அழைப்பவர் (அடுத்து என்ன ஆடுவது என்று சொல்பவர்) யார் என்பதைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஆஃபென்சிவ் லைனைப் பற்றி, அதாவது குவார்ட்டர்பேக்கைக் காத்து ஓடுபவருக்கு வழி திறக்கும் ஐந்து பேரைப் பற்றி, யாருமே பேசாததுதான். 2023-இல் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காகப் பந்தை எடுத்து ஓடிய சேக்வான் பார்க்லி எடுத்தது 962 யார்டு, ஓட்டத்துக்கு 3.9. அந்த லைன் அந்த சீசனில் 85 சாக் விட்டுக்கொடுத்தது. 2024-இல் பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார்: 2,005 யார்டு, ஓட்டத்துக்கு 5.8. ஒரே வருடத்தில் அவர் கால்கள் மாறிவிடவில்லை. முன்னே மைலாட்டா, டிக்கர்சன், லேன் ஜான்சன் வழி திறந்தார்கள்; பக்கத்தில் குவார்ட்டர்பேக் ஹர்ட்ஸும் ஓடக்கூடியவர் என்பதால் எதிரணி இருவரையும் கவனிக்க வேண்டியிருந்தது. இத்தனைக்கும் அந்த வருடம்தான் சென்டர் (லைனின் நடுவில் நிற்பவர்) ஜேசன் கெல்சி ஓய்வு பெற்றிருந்தார். கார்டாக (சென்டருக்குப் பக்கத்தில்) ஆடிய ஜர்ஜன்ஸை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள், டேக்கிளாக (லைனின் ஓரத்தில்) இருந்த பெக்டனைக் கார்டாக்கினார்கள். தலைப்புச் செய்தி ஆகாத இந்த இரண்டு மாற்றங்களும் இல்லாமல் அந்த 2,005 வந்திருக்குமா என்பது சந்தேகமே.

அப்புறம் எண்களிலும் கவனம் வேண்டும். 2021-இல் இருந்து சீசனுக்கு 17 ஆட்டங்கள். அதற்கு முன் 16. பழைய மொத்தத்தோடு புதிய மொத்தத்தை ஒப்பிடாமல் ஆட்டத்துக்கு எத்தனை என்று பாருங்கள். டிஃபென்ஸ் (எதிரணியைத் தடுக்கும் பக்கம்) அடிக்கும் டச்டவுனும் அணியின் புள்ளிகளில்தான் சேரும், அதனால் அவை எல்லாம் அஃபென்ஸ் எடுத்தவை அல்ல. சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களான ப்ரீசீசன் ஸ்கோரை அப்படியே விட்டுவிடலாம், முக்கிய வீரர்கள் அதில் அதிகம் ஆடுவதில்லை. ஆகஸ்டில் நான் முதலில் தேடுவது, லைனின் ஐந்து பேரும் ஒன்றாகப் பயிற்சி செய்கிறார்களா என்பதைத்தான்.