மலைக்கு ஹெலிகாப்டரைக் கூப்பிடும்போது

போன வாரம் மூணாறு பக்கம் ஓர் எஸ்டேட்டில் மீட்புப் பயிற்சி. பையன்கள் சுறுசுறுப்பானவர்கள்தான். ஆனால் பல வருடம் முன்னால் நான் செய்த அதே தப்பை என் கண்முன்னே செய்தார்கள். குடை விரிக்காதே, கூட்டம் போடாதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இடத்தை அரைகுறையாகச் சொல்வது

நாம் உதவி கேட்டால் ஹெலிகாப்டர் வர வேண்டியது சூலூர் விமானப்படைத் தளம் அல்லது கொச்சியில் உள்ள கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் கருடாவிலிருந்து. இரண்டும் மூணாறிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 'மாரியம்மன் கோயிலுக்கு மேல் லயம்' (தொழிலாளர் வரிசை வீடுகள்) என்றால் விமானிக்கு என்ன தெரியும்? அவருக்கு எண் வேண்டும்.

சிக்கலே அந்த எண்ணில்தான். கைபேசி மேப்பில் மூணாறின் அட்சரேகை 10.09, தீர்க்கரேகை 77.06. இது முழுக்க டிகிரிக் கணக்கு. விமானிகளுக்குப் பழக்கம் டிகிரியும் மினிட்டும்; ஒரு டிகிரிக்கு 60 மினிட். நீங்கள் 'பத்து, பூஜ்யம் ஒன்பது' என்று வாசித்தால், எதிர்முனையில் 10 டிகிரி 9 மினிட் என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அது 10 டிகிரி 5.4 மினிட். இடம் வடகிழக்கே 8 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். பாலக்காட்டின் 10.78 என்றால் 78 மினிட் கிடையாதே என்று உடனே பிடிபடும். மூணாறின் எண் இரண்டுமே 60-க்குள் இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

நான் அப்படி வாசித்த அன்று, மரம் விழுந்து இடுப்பு ஒடிந்த ஓர் அக்காவைக் கம்பளியில் சுற்றிக் கிடத்தியிருந்தோம். எதிர்மலைக்குப் பின்னால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்தது. மூடுபனி ஏறியது. சத்தம் தேய்ந்தது. "போயிருச்சா தம்பி?" என்றார். எட்டுப் பேர் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கினோம். பிழைத்துக்கொண்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அதனால்தான் பையன்களிடம் அவ்வளவு கோபப்பட்டேன்.

'டிகிரி', 'புள்ளி' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வேண்டும். அப்போது பத்துப் பதினோரு மீட்டருக்குள் சரியாக வரும். எழுதியவரைத் திருப்பி வாசிக்கச் சொல்லுங்கள். ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய உங்கள் மைதானத்தின் எண்ணை இரண்டு கணக்கிலும் இப்போதே சுவரில் எழுதி வையுங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் இரவு மண் சரிந்தபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. சேதி வெளியே வர விடிந்துவிட்டது.

கொக்கி

ஹெலிகாப்டரிலிருந்து இறக்கும் கொக்கி முதலில் தரையைத் தொடட்டும். அதில் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் கையில் பிடித்தவரை அடித்துவிடும்.

மேட்டுப் பக்கம்

தேயிலைச் சரிவில் மேட்டுப் பக்கமிருந்து போனால் சுழலும் இறக்கை தலைக்கு எட்டும். பள்ளத்துப் பக்கமிருந்து, விமானி பார்க்கும்படி குனிந்து போங்கள்.

வால் பக்கம்

கூடவே கூடாது.

வந்துவிடும் என்று கை கட்டி நிற்பது

2022 பிப்ரவரியில் மலம்புழா அருகே பாறை இடுக்கில் ஓர் இளைஞர் சிக்கினார். கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்தும் அவரை நெருங்க முடியவில்லை. கடைசியில் ராணுவ மலையேற்றக்காரர்கள் கயிற்றில் இறங்கித்தான் மேலே கொண்டுவந்தார்கள். ஹெலிகாப்டர் கேட்டு போன் போடும்போதே, தூக்கி இறக்க எட்டுப் பேரையும் இரண்டு மூங்கில் கம்பையும் தயார் செய்யுங்கள்.