நிமிர்ந்துவிட்ட வளைவை நான் சரிசெய்த விதம்

ஆடும் நாற்காலியின் அடிவளைவுக்கு 6 மி.மீ. தேக்குப் பட்டைகள் நான்கை வெள்ளைப் பசையால் ஒட்டி, அச்சில் வளைத்து இறுக்கினேன். மறுநாள் கிளாம்பைக் கழற்றியதும் முனைகள் மெல்ல விரிந்தன. அச்சுக்கும் கட்டைக்கும் நடுவே விரல் நுழைந்தது. மனசே விட்டுப்போயிற்று.

பட்டைதான் தடிமன். அதே கனத்துக்கு 3 மி.மீ. பட்டைகள் எட்டு அறுத்தேன். எண்ணிக்கை இரட்டித்தால் நிமிர்வு ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் மெதுவாக இளகிக் கொடுக்கும் என்பதால் எபாக்சிக்கு மாறினேன். தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, ஒட்டுமுன் அசிட்டோனால் துடைத்தேன். அச்சின் மேல் பேக்கிங் டேப், இல்லாவிட்டால் அதுவும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து முனை நோக்கி இறுக்க, ஒவ்வொரு இணைப்பிலும் பசை சின்ன முத்துகளாகப் பிதுங்கியது. இரண்டு நாள் தொடவே இல்லை.

அப்புறம் கழற்றினால் மூன்று மி.மீ.தான் விரிந்தது. அடுத்த கட்டையும் அதே அளவு. ஜோடி சேர்ந்துவிட்டது.