தேங்காய்த் தண்ணீரில் செல்லுலோஸ் ஹைட்ரோஜெல் வளர்ப்பது எப்படி?

மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் கொப்பரைக்குத் தேங்காய் உடைக்கிற நாளில் ஒரு பாத்திரத்தோடு போய்க் கேட்டுப் பாருங்கள். கீழே ஓடிப் புளித்து நாறப்போகிற அந்தத் தண்ணீர்தான் நமக்கு வேண்டியது. பிலிப்பைன்ஸ்காரர்கள் 'நாட்டா டி கோகோ' என்று தின்பதும் இதில் விளையும் செல்லுலோஸ் ஹைட்ரோஜெல்தான், அதாவது மெல்லிய நார் வலை தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும் ஏடு. நாம் செய்வது தின்பதற்கு அல்ல, பார்த்துப் படிப்பதற்கு.

முதலில் 1 லிட்டர் முற்றிய தேங்காய்த் தண்ணீரைத் துணியில் வடிகட்டி, 80 கிராம் சீனி சேர்த்துக் கொதிக்க வையுங்கள். நன்றாக ஆறட்டும், சூடாக இருக்கும்போதே அடுத்துச் சொல்லும் டீயை ஊற்றினால் அதிலுள்ள பாக்டீரியா செத்துப்போகும். பிறகு 100 மில்லி புளித்த கொம்புச்சா டீயும் (சீனி டீயைப் பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் புளிக்கவைத்தது) 2 மேசைக்கரண்டி வினிகரும் ஊற்றி, வாயகன்ற கண்ணாடி பாட்டிலில் துணி கட்டி வையுங்கள். மூடி வேண்டாம், பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும்.

இனி 10 முதல் 14 நாள் பாட்டிலைத் தொடாதீர்கள். காற்று படும் மேற்பரப்பில்தான் பாக்டீரியா செல்லுலோஸ் இழை நூற்கும். புது அடுக்கு மேலே வர, பழையது கீழே இறங்கும். முதல் தடவை நான் தினமும் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கடைசியில் கிடைத்தது ஒரே கனமான ஏடு அல்ல. ஒன்றோடொன்று ஒட்டாத 3 மெல்லிய ஏடுகள். ஷேக்கரில் (ஆய்வகக் குலுக்கும் கருவியில்) விடாமல் ஆட்டினால் ஏடே வராது, உருண்டைகளாகத் திரளும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் ரெண்டு மழையும் உண்டு. ஈரத்தில் மேலே பச்சையாகவோ கறுப்பாகவோ பூசணம் கண்டால் தயங்காமல் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள்.

ஏட்டை எடுத்து, புளிப்பு வாடை போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்க வையுங்கள். விரலால் தடவிப் பாருங்கள்: காற்றுப் பக்கம் வழவழவென்று இறுகியிருக்கும், அடிப்பக்கம் கொழகொழப்பாக இருக்கும்.

இப்போது 3 துண்டாக வெட்டுங்கள். ஒன்றைத் தண்ணீரிலேயே விடுங்கள். இன்னொன்றைக் கண்ணாடியில் விரித்து நிழலில் காயவையுங்கள். தண்ணீர் வெளியேறும்போதே இழைகளை ஒன்றோடொன்று இழுத்து ஒட்டவைத்துவிடும். விரற்கடை கனம் காகிதமாகிவிடும். மூன்றாவதை ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்து உருகவிடுங்கள். மெதுவாக உறைவதால் பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து இழைகளை ஒதுக்கித் தள்ளும். அந்த இடமெல்லாம் ஓட்டையாகும். பிழிந்தால் ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணீர் கொட்டும்.

மறுநாள் மூன்றையும் ஒரே கிண்ணத் தண்ணீரில் போடுங்கள். பிழிந்த துண்டு மறுபடி தண்ணீர் குடிக்கும். காய்ந்தது எத்தனை மணி நேரம் ஊறினாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது.