நிச்சயமான ஜோடியும் ஹாலோவீன் பூசணியும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் அக்டோபர் பிறந்து, குடைந்த பூசணிக்குள் விளக்கேற்றி வாசலில் வைக்கும் ஹாலோவீன் திருநாள் (அக்டோபர் 31) நெருங்கிவிட்டால், கல்யாணம் நிச்சயமான ஜோடிகள் பலர் பூசணிப் பண்ணைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். காயில் கல்யாணத் தேதியைச் செதுக்கி, உள்ளே விளக்கேற்றி, படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்ப வேண்டுமே! அயர்லாந்தில் டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்துக்கொண்டிருந்தவர்கள், அமெரிக்காவுக்குக் குடியேறிய பிறகு பிடித்துக்கொண்ட காய் இது. டர்னிப்பைவிடப் பெரியது, குடையவும் எளிது. ஆனால் அவசரக்காரர்களுக்கு அல்ல.

மாதத் தொடக்கத்திலேயே செதுக்கிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முழுக் காய் வாரக்கணக்கில் தாங்கும். கத்தி பட்டுவிட்டால் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம். டெக்சாஸ் பக்கத்து வெயிலில் அதுவும் சந்தேகம். அக்டோபர் 31 அன்று வாசலில் வைக்க வேண்டுமானால் 28 அல்லது 29ஆம் தேதி செதுக்கினால் போதும். படம் முன்கூட்டியே வேண்டும் என்பவர்கள் அதற்கென்று தனிக் காய் வாங்கிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது நிறத்தில் மயங்காமல் காயைத் திருப்பி அடியைப் பாருங்கள். தட்டையாக உட்கார வேண்டும். விரலால் அழுத்தினால் எங்கும் அமுங்கக் கூடாது. காம்பைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. காம்பு ஒடிந்த இடத்திலிருந்துதான் அழுகல் இறங்கும். ‘பை’ (pie) என்னும் இனிப்புப் பண்டம் செய்வதற்கென்று விற்கும் சிறு பூசணியையும் தவிர்க்கலாம்; சதை கெட்டி, சமையலுக்கே ஏற்றது. செதுக்குவதற்கென்றே பெயர்பெற்ற ரகம் ஹவ்டன், மாசசூசெட்ஸ் விவசாயி ஜான் ஹவ்டன் 1960களில் உருவாக்கியது.

இனி மோதிரம். நிச்சயதார்த்த மோதிரத்தைப் போட்டுக்கொண்டே காய்க்குள் கைவிடுகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் நார் வழவழவென்று சில்லிட்டுக் கிடக்கும். குளிரில் விரல் சற்றுச் சுருங்கும். வழவழப்பும் சேர்ந்தால் மோதிரம் கழன்று நாரோடு குப்பைக்குப் போய்விடும். அப்படிப் போகாவிட்டாலும், கல்லைப் பிடித்திருக்கும் கொக்கிகளில் நார் சிக்கிக் காய்ந்துவிடும். கழற்றி மேசை ஓரத்தில் வைப்பதும் ஆபத்துதான், கடைசியில் காகிதத்தோடு சுருட்டி எறிந்துவிடுவோம். வேறு அறையில், மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஒருவர் காயைப் பிடிக்க மற்றவர் வெட்டுவது. படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் சமையலறைக் கத்தி கெட்டித் தோலில் சிக்கி நிற்கும். அழுத்தினால் சட்டென்று மறுபக்கம் பாயும். அங்கே இருப்பது வருங்காலக் கணவரின் உள்ளங்கை! விரலை மடக்கும் தசைநாண்கள் அறுந்தால் அறுவை சிகிச்சைதான். அமெரிக்கக் கை அறுவை மருத்துவர்கள் ஆண்டுதோறும் இந்த மாதத்தில் எச்சரிப்பது இதைத்தான். செதுக்குவதற்கென்று விற்கும், பல் வைத்த சிறு ரம்பம் வாங்குங்கள். ஒருவர் அறுக்கும்போது மற்றவர் தள்ளி உட்கார்ந்து விதையைக் கழுவட்டும். இரண்டு பேருக்கும் அறுக்க ஆசை என்றால் இரண்டு காய். சேர்ந்து செய்வது என்றால் நான்கு கையும் ஒரே காய்மேல் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

மூடியை நேர்குத்தாக வெட்டினால் அது உள்ளே விழும்; ரம்பத்தை உட்பக்கமாகச் சாய்த்து வெட்ட வேண்டும். அடிப்பக்கத்தை வெட்டியெடுத்து, விளக்கின்மேல் காயைக் கவிழ்த்துவிடுவது அதைவிடச் சுலபம். செதுக்கும் பக்கத்துச் சுவரை உள்ளிருந்து சுரண்டி ஓர் அங்குலக் கனத்துக்குக் கொண்டுவராவிட்டால் ரம்பம் திணறும்.

பிறகு எழுத்து. 2026 என்று வெட்டிப் பாருங்கள்: 0-வின் நடுவும் 6-இன் வயிறும் பொத்தென்று விழுந்துவிடும், பிடித்துக்கொள்ளச் சதை இல்லையே. சுற்றிலும் வெட்டாமல் இரண்டு இடத்தில் சிறு பாலம் விட வேண்டும். தமிழில் பெயர் செதுக்க நினைக்கும் நம்மவர்களுக்கு வேலை இன்னும் கூடுதல். ட, ப தொல்லை தராது. க, வ, ண போன்றவற்றின் ஒவ்வொரு சுழியும் ஓர் ஓட்டையாகிவிடும். அவர்களுக்கு என் யோசனை, முழுக்க வெட்டாமல் மேல்தோலை மட்டும் சீவியெடுப்பது. விளக்கேற்றினால் எழுத்து மங்கலாக ஒளிரும், எதுவும் விழாது. வரைந்த தாளைக் காயில் ஒட்டி, கோட்டின்மேல் ஊசியால் புள்ளி குத்திக்கொண்டால் கை கோணாது. சிறு வெட்டுகளை முதலில் முடித்துப் பெரியவற்றைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே பெரிய ஓட்டை போட்டால் சுவர் வலுவிழக்கும்.

வெட்டிய ஓரம் காயாமலிருக்க வாஸ்லின் (பெட்ரோலியம் ஜெல்லி) தடவுகிறவர்கள், உள்ளே மெழுகுவத்தி ஏற்றக் கூடாது. வாஸ்லின் எரியக்கூடியது, ஹாலோவீனுக்கு மாறுவேடத்தில் வீடு வீடாக வரும் குழந்தைகளின் துணியும் அப்படித்தான். பேட்டரி விளக்கு போதும். அழுகாமலிருக்க பிளீச்சிங் திரவம் தெளித்த காயையும் சாயம் பூசிய காயையும் அணில் தின்னட்டும் என்று தோட்டத்தில் விடாதீர்கள். எதுவும் பூசாத காயைப் பன்றி, ஆடு வளர்க்கும் சில பண்ணைகள் தீவனத்துக்கு வாங்கிக்கொள்கின்றன. ஆனால் பூஞ்சை பிடிக்கும் முன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.